நல்ல தண்ணீரில் ஒரு கடல் மீன்

போன வருஷம் ஆடித்தபசு முடிந்து, வெளியூர்க் கூட்டமெல்லாம் கலைந்து, எங்கள் சங்கரன்கோவில் பழையபடி ஆகியிருந்த சமயம். ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டு அம்மா கையில் சாவியோடு வந்து நின்றார். அவர்களுக்குச் சொந்த ஊர் கடையநல்லூர். கணவர் வளைகுடாவில் ஓர் அரபி வீட்டில் டிரைவர். மகளையும் கடையநல்லூரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். மகளுக்குப் பேறுகாலம் நெருங்கிவிட்டதால் இந்த அம்மா அங்கே போய்த் தங்க வேண்டியிருந்தது.

"அக்கா, நான் வார வரைக்கும் மீனப் பாத்துக்கிடணும். உங்களத் தவிர யாருகிட்ட நான் சொல்லுவேன்?" என்றார்.

எனக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. மாட்டேன் என்று மட்டும் இல்லை, பொதுவாகவே பேச்சு வராது. வீட்டில் இருந்து ஜாக்கெட் தைக்கிறேன். அளவு ஜாக்கெட்டைத் திண்டில் வைத்துவிட்டுப் பேசாமல் போகிறவர்கள்தான் எனக்குப் பிடித்த வாடிக்கையாளர்கள். தலையை ஆட்டிச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

அந்த வீட்டு நடுக்கூடத்தில் இருப்பது சாதாரண மீன்தொட்டி இல்லை. கடல்மீன் தொட்டி. அரபி வீட்டில் சுவர் அகலத்துக்கு ஒரு தொட்டி இருக்கிறதாம். அதைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டு, கடைசியாக லீவில் வந்தபோது இவரும் சின்னதாக ஒன்று வைத்துவிட்டுப் போயிருந்தார். சுற்று வட்டாரத்தில் கடலே இல்லாத ஊரில், அதற்கென்று பாக்கெட்டில் வருகிற உப்பைக் கலந்து கடல்தண்ணீர் செய்து வைத்திருந்தார்கள். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் இரண்டு சின்ன மீன்கள். அப்புறம் முழு மஞ்சளாக, தட்டையாக, உள்ளங்கை அகலத்தில் ஒரு மீன். வாயைக் குவித்துக்கொண்டு, யாரிடமோ கோபித்துக்கொண்ட மாதிரியே நீந்தும்.

வேலை அதிகம் இல்லை. காய்ந்த கடல்பாசி இலையைக் கிளிப்பில் மாட்ட வேண்டும். தண்ணீர் குறைந்தால் கேனில் இருக்கிற நல்ல தண்ணீரைக் கோடு வரைக்கும் ஊற்ற வேண்டும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு உள்ளேயே இருக்கும், அதனால் உப்பு போடவே கூடாது என்று அந்த அம்மா சொன்னார். கிளம்பும்போது அலமாரி மேலே இருந்த குட்டிக் கேமராவைக் காட்டினார்.

"இது அவுகளுக்காக வச்சது. அங்கன சோறு திங்கும்போது மீனப் பாத்துக்கிட்டேதான் திம்பாக. அந்த மஞ்சள்னா அவுகளுக்கு உசிரு. நீங்க பாட்டுக்கு வந்து போங்க, கண்டுக்காதிய."

கண்டுக்காமல் எப்படி இருக்க முடியும்? அடுத்தவர் வீட்டு ஆம்பிளை எங்கேயோ உட்கார்ந்து பார்க்கிறார் என்றால் எனக்குக் காலே தரையில் பாவாது. சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுவரோரமாகப் போய், இலையை மாட்டிவிட்டு, வந்த வழியே திரும்பி வருவேன்.

எங்க வீட்டுக்காரர் விசைத்தறிக் கூடத்தில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர். பகலில் தூங்கி எழுந்தால் இதுதான் அவருக்குப் பேச்சு. "ஏட்டி, சீலா மீனு, சங்கரா மீனுன்னா பாத்துக்கிடுததுல ஒரு அர்த்தம் இருக்கு. குழம்புக்காவது ஆவும். இத வச்சு என்ன செய்ய?" என்பார்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு காலையில் போனபோது முந்தின நாள் மாட்டிய இலை அப்படியே கிளிப்பில் இருந்தது. மஞ்சள் மீன் ஒரு மூலையில் மோட்டார் தண்ணீர் வந்து விழுகிற இடத்தில் நின்றது. திடீரென்று பாய்ந்து போய்க் கல்லில் விலாவை உரசியது. திரும்பவும் வந்து நின்றது. செவுள் படபடவென்று அடித்தது. ஒரு கண்ணில் புரை விழுந்த மாதிரி வெள்ளைப் படலம்.

ஓடிப்போய் வீட்டுக்காரரை எழுப்பினேன். அவர் தன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, ராஜபாளையம் ரோட்டில் இருக்கிற வண்ணமீன் கடைக்குப் போனார். கடைக்காரர் பார்த்துவிட்டு, "வெள்ளைப்புள்ளி நோயி அண்ணாச்சி. ஒரு கை கல்லுப்பு போடுங்க, சரியாயிரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

உப்பு போடவே கூடாது என்று அந்த அம்மா சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அது மீன் நன்றாக இருந்தபோது சொன்னது. இது மீன் வைத்தியம் தெரிந்தவர் சொல்வது. எங்கள் ஊரில் உடம்பில் மரு, பரு என்று எது வந்தாலும் கோயிலுக்குப் போய் உப்பும் மிளகும் போடுவதுதானே வழக்கம்? சொறி என்றால் உப்பு என்பது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஏற்கெனவே உப்பில் இருக்கிற மீனுக்கு இன்னும் உப்பு எதற்கு? போடலாமா, கூடாதா? கை நிறையக் கல்லுப்போடு தொட்டி முன்னால் நின்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

"அக்கா! என்னது போடுதிய?"

ஆளில்லாத வீட்டில் தலைக்கு மேலே ஓர் ஆம்பிளைக் குரல். நான் அலறிய அலறலில் உப்பெல்லாம் கூடம் முழுக்கச் சிதறிவிட்டது. அந்தக் கேமராவுக்குப் பேசவும் தெரியும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"பயப்படாதிய, நான்தான். கையில என்ன?"

"உப்பு பாய். மீனு கடையில போடச் சொன்னாக" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அல்லாவே! ஒரு பொடி கூடப் போட்டுராதிய. கடைக்காரரு நல்லதண்ணி மீனுன்னு நெனச்சு சொல்லியிருப்பாரு. இன்னும் உப்பக் கூட்டுனா அது தாங்காது."

அவரும் அங்கிருந்து பார்த்துப் பயந்துபோய்த்தான் இருந்திருக்கிறார். மனைவியிடம் சொல்லவில்லை. பேறுகால வீட்டில் போய் மீன் கதையைச் சொல்லிக் கலங்க வைக்க வேண்டாம், நீங்களும் சொல்லாதீர்கள் என்று என்னிடமும் கேட்டுக்கொண்டார். அரபி வீட்டுத் தொட்டியைப் பார்க்க வருகிற ஆள் ஒருவர் அவருக்குச் சிநேகிதம். அவரிடம் கேட்டுச் சொல்கிறேன், நீங்கள் மட்டும் நன்றாகப் பார்த்து எனக்குச் சொல்லுங்கள் என்றார்.

அதில்தான் எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. கேமராவில் மீன் மங்கலாகத்தான் தெரியுமாம். அதனால் என் கண்ணை நம்பித்தான் அவர் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும்.

"உடம்புல வெள்ளையாப் புள்ளி இருக்கா அக்கா? ரவை ஒட்டுன மாதிரி?"

"இல்ல பாய்."

"மாவு தூவுன மாதிரி பொடிசா?"

"தெரியல பாய்."

"வழுவழுன்னு சளி மாதிரி எதும்?"

"இருக்க மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு."

பொய் இல்லை. அப்படித்தான் இருந்தது. லைட் வெளிச்சம் ஒரு பக்கம் அடித்தால் மாவு தூவியது போலத் தெரியும். மீன் திரும்பினால் சுத்தமான மஞ்சள். ரவைப் புள்ளி என்றால் ஒரு வைத்தியம், மாவு என்றால் வேறு வைத்தியம், சளி என்றால் இன்னொன்று. ஒன்றுக்குப் போடுகிற மருந்து மற்றதற்கு ஆகாதாம். காலையில் பார்த்துவிட்டு இல்லை என்பேன். சாயங்காலம் இருக்கிறது என்பேன். வீட்டுக்கு வந்து ஊசியில் நூல் கோர்த்தால் தைக்கிற துணியிலும் புள்ளி தெரிந்தது.

இதற்குள் எதிர்வீட்டு அம்மா என்னை நிறுத்தி, "பூட்டிக் கெடக்க வீட்டுக்குள்ள ஆம்பிளை சத்தம் கேக்கே, யாரு வந்திருக்கா?" என்று விசாரித்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. மீனுக்காகப் பாய்தான் வெளிநாட்டில் இருந்து கேமராவில் பேசுகிறார் என்று விளக்கினேன். "மீனுகூடயா பேசுதாரு?" என்று கேட்டு அவர் சிரித்ததை நினைத்து ராத்திரி தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். அவர் கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேமராவைப் பார்த்து, "பாய், அங்கன வெயிலு எப்படி?" என்று கதையளக்க ஆரம்பித்தார்.

என் மதினி விஷயம் கேள்விப்பட்டு, கோயில் புற்றுமண் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தாள். "ஒரு சிட்டிகை தண்ணியில போட்டுவிடு. மனுசன் சொறிக்கே கேக்குது, மீனு சொறிக்குக் கேக்காதா?" என்றாள். அடுத்தவர் வீட்டுத் தொட்டி. உப்பு போடப் போய்ப் பட்டபாடே போதும். மண்ணை என் நெற்றியில் வைத்துக்கொண்டு போய்த் தொட்டி முன்னால் நின்றேன்.

மீன் நாளுக்கு நாள் இளைத்தது. மஞ்சள் வெளுத்து, பழைய துணி மாதிரி ஆகிவிட்டது. ஒருநாள் பாய், "இன்னைக்கு வேற வழியில்ல அக்கா" என்றார். "அதத் தூக்கி நல்ல தண்ணியில விடணும்."

எனக்குப் புரியவில்லை. கடல் மீனை நல்ல தண்ணீரில் விட்டால் செத்துப்போகாதா?

"கொஞ்ச நேரந்தான். மீனு தாங்கும். மேல எதுவும் பூச்சி ஒட்டியிருந்தா அது தாங்காது, விழுந்துரும். விழுந்தா பூச்சி. விழலைன்னா வேற நோயி. சிநேகிதன் அப்படித்தான் சொல்லுதான். எப்ப எடுக்கணும்னு நான் பாத்துச் சொல்லுதேன். அது சாஞ்சு படுக்கும், பயந்துறாதிய. செவுளு மட்டும் அசையணும்."

கேமராவைத் திருப்பி, தரையில் வைத்த வெள்ளை பிளாஸ்டிக் டப் தெரிகிற மாதிரி வைத்தோம். கேன் தண்ணீரை ஊற்றி, சூடு தொட்டித் தண்ணீர் அளவுக்கு வருகிற வரை காத்திருந்து, அவர் சொன்னபடி ஆப்ப சோடா கொஞ்சம் கரைத்து, பேட்டரியில் ஓடுகிற குமிழ் மோட்டாரையும் போட்டாயிற்று. வாலுக்குப் பக்கத்தில் பிளேடு மாதிரி ஒரு முள் இருக்கும், கையால் தொடக்கூடாது என்றார். வலையை எங்க வீட்டுக்காரர் கையில் எடுத்துக்கொண்டார். மீன் இரண்டு முறை கல்லுக்குள் போய் ஒளிந்தது. "எங்க ஓடுத, வா மக்கா" என்று கெஞ்சிக் கெஞ்சிப் பிடித்துவிட்டார். குழம்புக்கு ஆகாது என்றவர் பேசிய பேச்சு அது.

டப்பில் விட்டதும் மீன் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு மெதுவாகச் சாய்ந்து, அடியில் ஒருக்களித்துப் படுத்துவிட்டது.

"அப்படித்தான் படுக்கும். விடுங்க, விடுங்க..." என்று பாய் சொல்லிக்கொண்டிருந்தபோது சட்டென்று குரல் நின்றது. கூடத்து லைட்டும் போனது. கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் லைன் மீன்தொட்டிக்கு மட்டும்தான். தொட்டி மோட்டார் ஓடியது. நெட் பெட்டி அணைந்துவிட்டது.

"பாய்? பாய்!" என்று வீட்டுக்காரர் கேமராவைப் பார்த்துக் கூப்பிட்டார். அது சும்மா இருந்தது. வீட்டுக்காரர் போனோ சார்ஜ் இறங்கி, அணைந்துபோய் எங்கள் வீட்டில் கிடந்தது. என்னிடம் இருப்பது பட்டன் போன், அதில் அந்த நம்பர் இல்லை.

"எடுட்டி. செத்துட்டு அது."

"பொறுங்க."

"என்ன பொறுங்க? கண்ணத் தொறந்துக்கிட்டு மல்லாக்கக் கெடக்கு பாரு. தள்ளு, நானே எடுக்கேன்."

எப்போது எடுக்க வேண்டும் என்று பாய்தான் சொல்வதாக இருந்தார். எவ்வளவு நேரம் என்று நானும் கேட்டு வைக்கவில்லை. சீக்கிரம் எடுத்தால் பூச்சி விழாது, மறுபடியும் இந்த மீன் இந்தப் பாட்டைப் பட வேண்டும், அதற்கு அதன் உடம்பில் தெம்பு இல்லை. தாமதித்தால் செத்துவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். செவுள் அசைகிறதா? குமிழ் வந்து மோதுவதால் அசைகிற மாதிரி தெரிகிறதா? குமிழ்க் குழாயைக் கையால் ஒதுக்கிப் பிடித்தேன். திறந்தது. மூடியது. ரொம்ப மெதுவாக, ஆனால் திறந்து மூடியது.

வீட்டுக்காரர் வலையோடு குனிந்தார். நான் அவர் கையைத் தள்ளிவிட்டேன். "பேசாம இருங்க. மூச்சு இருக்கு" என்று சத்தமாகவே சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு குரலில் நான் அவரிடம் பேசியதில்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். மீனின் விலாவில் ஒரு வெள்ளைப் புள்ளி. இதுவரை இல்லாத இடத்தில். பிறகு கண்ணோரத்தில் ஒன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்தது. நல்ல தண்ணீரில் விட்டதால் நோய் முற்றிவிட்டதா? அதற்குள் விலாவில் இருந்த புள்ளி கழன்று, உருண்டு, டப்பின் அடியில் போய் விழுந்தது. டப் வெள்ளை, அதுவும் வெள்ளை. விரலால் தொட்டுத் தூக்கிப் பார்த்தேன். தோல் நீக்கிய எள் மாதிரி, தட்டையாக, மெதுமெதுவென்று.

"இதுதான் பூச்சி" என்றேன். யாருக்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

இன்னும் சில விழுந்தன. கண்ணோரத்தில் ஒட்டியிருந்தது மட்டும் பாதி கழன்று தொங்கியது. அதுவும் விழட்டும் என்று இருந்தேன். செவுள் திறந்தது. மூடியது. அடுத்தது திறக்கக் கொஞ்சம் தாமதமான மாதிரி பட்டது. அது நிஜமாகவே தாமதமா, என் பயமா என்று தெரியவில்லை. வலையை வாங்கி மீனைத் தூக்கித் தொட்டியில் விட்டுவிட்டேன். தொங்கிக்கொண்டிருந்தது வலையிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

தொட்டிக்குள் மீன் அடியிலேயே கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் கண்ணாடியில் மூக்கு ஒட்ட உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நேரம் கழித்து வால் அசைந்தது. மெல்ல நிமிர்ந்து, கல்லுக்குப் பின்னால் போய் நின்றது. வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி தெறிச்சுட்டு" என்றார்.

கரண்ட் வந்ததும் முதலில் வந்தது பாயின் குரல்தான். "அக்கா? அக்கா? இருக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மீனைக் கேட்கிறார். டப்பைத் தூக்கிக் கேமராவுக்கு நேராகக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எள் மாதிரி விழுந்தது என்று சொன்னதும், "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அந்தப் பூச்சி கடல்தண்ணீரில் இருக்கும்வரை கண்ணாடி மாதிரி இருக்குமாம். மீன்மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாதாம். நல்ல தண்ணீர் பட்டுச் சாகும்போதுதான் வெளுக்குமாம். அத்தனை நாள் நான் இல்லை இல்லை என்று சொன்ன இடத்தில்தான் அது இருந்திருக்கிறது.

தொட்டியில் முட்டை இருக்கும் என்பதால் மதுரையில் ஒரு கடையில் சொல்லி, பூச்சி மருந்தை பஸ் பார்சலில் வரவழைத்தார். அவர் சொன்னபடி கரைத்து ஊற்றி, கொஞ்ச நாள் கழித்து இன்னொரு முறையும் ஊற்றினோம். மீன் இலையைக் கடித்த அன்று பாய் கேமராவில் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார் என்று எங்க வீட்டுக்காரர் சொன்னார். இந்தப் பூச்சி எங்கிருந்து வந்தது, இத்தனை மாதம் எங்கே இருந்தது என்று கேட்டேன். கடைசியாக வாங்கிய மீனோடு வந்திருக்கும் என்றார் பாய். இல்லை, முதலிலேயே இருந்திருக்கும் என்றாராம் சிநேகிதர். என் மதினியைக் கேட்டால் எல்லாம் புற்றுமண் என்பாள்.

பேரன் பிறந்த சந்தோஷத்தோடு அந்த அம்மா திரும்பி வந்தார். தொட்டியைப் பார்த்ததும், "என்னக்கா, கண்ணு ஒண்ணு லேசாப் பொகைஞ்ச மாதிரி இருக்கு?" என்றார். மேலே இருந்து பாய் சிரித்தார். நடந்ததை அவரே எல்லாம் சொன்னார். சொல்லிவிட்டு என்னிடம், "நான் அங்கன இருந்தா பயந்துபோயி முன்னாடியே எடுத்திருப்பேன் அக்கா. கரண்டு போனப்புறம் எத வச்சு நீங்க எடுக்காமப் பொறுத்திருந்திய?" என்று கேட்டார்.

நான் கிளிப்பில் இலையை மாட்டத் திரும்பிக்கொண்டேன். செவுளைப் பார்த்துத்தான் காத்திருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என்ன செய்வது என்று தெரியாமல் கை மரத்துப்போய்த்தான் நின்றேனோ என்னவோ, அதுவும் பொய்யாக இருக்காது. இரண்டில் எது என்று எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை. ஆனால் யாராவது என்ன செய்வதென்று தெரியாமல் அசையாமல் நின்றால், "சீக்கிரம் ஏதாவது செய்" என்று அவர்களை விரட்ட இப்போது எனக்கு மனசு வருவதில்லை. நமக்குத் தெரியாத ஏதோ ஓர் உயிர் மூச்சுவிடுவதை அவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.